மைமோனிடிஸ் மூன்று மதங்களுக்கும் கடன் கொடுத்தவரா, வெறுமனே கைமாற்றிவிட்டவரா?

ஏட்டுச்சுரைக்காய்:
போன வாரம் வேறொரு இழையில் ஒருவர் போகிற போக்கில் எழுதியிருந்தார், "யூதர்களின் மதச் சிந்தனை இயேசுவுக்குப் பிறகு அவர்கள் வீட்டுத் திண்ணையைத் தாண்டியதே இல்லை" என்று. அங்கே பேச்சு திசைமாறிப் போய்விட்டதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

நான் முன்னால் வைக்கிற ஆள் மோசே பென் மைமோன். ஐரோப்பியர்களுக்கு மைமோனிடிஸ், அரபிகளுக்கு மூசா இப்னு மைமூன். யூதர்கள் அவருடைய முழுப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ரம்பம் என்பார்கள் (தமிழில் எப்படி ஒலிக்கிறது என்று தெரியும், சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்). 1138இல் ஸ்பெயினின் கொர்தோபாவில் பிறந்து, 1204இல் பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் இறந்தவர். யூதச் சட்டம் முழுவதையும் எபிரேயத்தில் 14 புத்தகங்களாகத் தொகுத்தார். மெய்யியல் நூலான 'திகைத்தவர்களுக்கு வழிகாட்டி'யை அரபியில் எழுதினார், ஆனால் எபிரேய எழுத்தில். அதாவது வாசித்துக் காட்டினால் ஒரு முஸ்லிமுக்குப் புரியும், கையில் கொடுத்தால் புரியாது.

அந்த நூலைத்தான் 13ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தார்கள், கிறித்தவ இறையியலாளர் தோமா அக்குவினாஸ் அதை 'ராபி மோயிசன்' (யூத குரு மோசே) என்று பெயர் சொல்லியே மேற்கோள் காட்டினார். ஒரு முஸ்லிம் அறிஞர் அதன் ஒரு பகுதிக்கு அரபியில் உரை எழுதினார். திண்ணையைத் தாண்டவில்லையாம்! என் கட்சி இதுதான்: இடைக்காலத்தில் மூன்று மதங்களுக்கும் பொதுவாகக் கடன் கொடுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் இவரைத்தான் சொல்ல வேண்டும்.

கறார்பேர்வழி:
ஆரம்பித்துவிட்டீர்களா, ஒவ்வொரு மாதமும் ஒரு பெரியவரைப் பிடித்துவந்து மாலை போடுகிற வேலையை.

கடன் கொடுத்தவராம். அவர் கையில் இருந்த சரக்கு எங்கிருந்து வந்தது? அரிஸ்டாட்டில் அரபு வழியாக வந்தார், அரசியலும் அறவியலும் முஸ்லிம் மெய்யியலாளர் அல் ஃபராபியிடமிருந்து வந்தன, கடவுளின் இருப்பு பற்றிய வாதங்களில் பாதி இன்னொரு முஸ்லிம் மெய்யியலாளர் இப்னு சீனா. இதை நான் சொல்லவில்லை, அவரே தன் மொழிபெயர்ப்பாளர் சாமுவேல் இப்னு திப்போனுக்கு எழுதிய கடிதத்தில் ஃபராபியின் எழுத்து சலித்தெடுத்த மாவு மாதிரி என்று புகழ்கிறார். இன்னொருவர் மில்லில் அரைத்த மாவை வாங்கி, தன் கடைப் பையில் போட்டுக் கொடுத்தவரை உற்பத்தியாளர் என்று சொன்னால் எப்படி?

அக்குவினாஸ் மேற்கோள் காட்டினார் என்கிறீர்கள். எதற்குக் காட்டினார் என்பதையும் சொல்ல வேண்டாமா? 'இறையியல் தொகுப்பு' முதல் பகுதி, 13ஆம் கேள்வி, 2ஆம் பிரிவைப் பாருங்கள். பெயர் சொல்லி மறுக்கிறார். நான் உங்களை இந்த இழையில் நாலு தடவை மறுத்தால் நீங்கள் என்மேல் பெரும் தாக்கம் செலுத்தினீர்கள் என்று ஆகிவிடுமா?

மழைக்கு ஒதுங்கினவன்:
இரண்டு பேரும் சண்டை போடுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். இந்த மனிதர் அப்படி என்னதான் சொன்னார்? ஒரு சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி. எனக்குத் தோமாவும் தெரியாது ஃபராபியும் தெரியாது.

ஏட்டுச்சுரைக்காய்:
நல்ல கேள்வி, அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், என் தப்பு.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். கடவுள் நல்லவர், வல்லவர், எல்லாம் அறிந்தவர் என்று அடுக்குகிறோம் இல்லையா? மைமோனிடிஸ் அதில் கை வைக்கிறார். 'நல்லவர்' என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தோம்? பக்கத்து வீட்டு நல்லவரிடமிருந்து. அந்தச் சொல்லைப் பெரிதாக்கிக் கடவுள்மேல் ஒட்டினால் நாம் செய்தது ஒரு பெரிய பக்கத்து வீட்டுக்காரரைத்தான். ஆகவே கடவுளைப் பற்றி உண்மையாகச் சொல்லக்கூடியது 'இது இல்லை, அது இல்லை' என்பது மட்டுமே. அறியாமை இல்லாதவர், இயலாமை இல்லாதவர், இப்படி.

இதற்கு, பழைய ராபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதிலிருந்து ஒரு கதையை எடுத்துக்கொள்கிறார். ராபி ஹனினாவின் முன்னால் ஒருவர் தொழுகை நடத்துகிறார். மகத்தானவரே, வல்லவரே, அஞ்சத்தக்கவரே என்று ஆரம்பித்து, மரபில் இல்லாத அடைமொழிகளையும் தன் பங்குக்குச் சேர்த்து அடுக்கிக்கொண்டே போகிறார். முடியும்வரை பொறுமையாக இருந்த ஹனினா, "உன் ஆண்டவருடைய புகழை எல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டாயா?" என்று கேட்கிறார். கோடிக்கணக்கில் பொற்காசு வைத்திருக்கிற அரசனை ஒருவன் 'வெள்ளி நிறைய வைத்திருக்கிறார்' என்று புகழ்ந்தால் அது புகழ்ச்சியா, இழிவா?

மைமோனிடிஸ் இங்கே ஓர் இடத்தில் நின்று கவனிக்கிறார், அதுதான் எனக்குப் பிடித்தது. ஆயிரம் பொன் வைத்திருப்பவரை நூறு பொன் வைத்திருப்பதாகப் புகழ்ந்தது போல என்று ஹனினா சொல்லவில்லையாம். பொன்னுக்குப் பதில் வெள்ளி என்றார். அளவு குறைந்தது என்றால் கொஞ்சம் கூட்டிச் சொல்லிச் சரிசெய்துவிடலாம், சரக்கே வேறு என்கிறபோது என்ன செய்ய? அதனால்தான் சங்கீதத்தில் 'உமக்கு மௌனமே புகழ்' என்று இருக்கிறது என்று முடிக்கிறார்.

தேவாரப்பித்து:
இதைத்தானே நம் ஊரில் 'கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார்கள். இதற்கு ஸ்பெயின் வரை போக வேண்டுமா?

கறார்பேர்வழி:
அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இந்த இழையில் இதைக் கொண்டுவருவது என் வேலையை எளிதாக்குகிறது. பாருங்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே இரண்டு பேர் ஒரே முடிவுக்கு வரலாம் என்பதற்கு நீங்களே சாட்சி கொடுத்துவிட்டீர்கள். ஒப்புமை வேறு, தாக்கம் வேறு. கிறித்தவத்திலும் மைமோனிடிஸுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தியோனிசியஸ் பெயரில் புழங்கிய நூல்களில் இதே 'இது இல்லை, அது இல்லை' இருக்கிறது. ஆகவே ஏட்டுச்சுரைக்காய் அவர்கள் வேறு ஏதாவது காட்டட்டும்.

தேவாரப்பித்து:
நான் தாக்கம் என்று சொல்லவே இல்லையே தம்பி. ஞாபகம் வந்தது, சொன்னேன். தொடருங்கள், வேடிக்கை பார்க்கிறேன்.

புன்னைக்காயல்:
குருமடத்தில் நான்கு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவன் என்கிற முறையில் அக்குவினாஸ் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். எங்களுக்குப் பாடம் எடுத்தவர் 'ராபி மோயிசன்' என்று வந்த இடத்திலெல்லாம் "அது ஒரு யூதர், தேர்வுக்கு வராது" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிற்பாடு தனியாக உட்கார்ந்து படிக்கும்போதுதான் எரிச்சல் வந்தது, ஏனென்றால் அந்தப் பெயர் வருகிற இடங்கள் சில்லறை இடங்கள் அல்ல.

கறார் சொன்ன 13ஆம் கேள்வியில் மறுப்பு இருப்பது உண்மை. 'கடவுள் உயிருள்ளவர்' என்று ஒரு பக்தர் சொல்லும்போது 'கடவுள் கல்லைப் போல உயிரற்றவர் அல்லர்' என்பதற்கு மேலே ஏதோ ஒன்றைச் சொல்ல நினைக்கிறார், ராபி மோயிசன் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது அக்குவினாஸின் வாதம். எனக்கும் அதில் நியாயம் தெரிகிறது. ஆனால் வேறு இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, 'உண்மை பற்றி' என்ற விவாத நூலில் ஒரு கேள்வி: அறிவால் நிறுவக்கூடிய விஷயங்களையும் மனிதன் ஏன் முதலில் நம்பிக்கையால் ஏற்க வேண்டும்? ஐந்து காரணங்கள் தருகிறார். பொருள் ஆழமானது, இளம் வயதில் புத்தி போதாது, முன்கூட்டிக் கற்க வேண்டியவை ஏராளம், எல்லாருக்கும் அதற்கான உடல்வாகும் மனவாகும் கிடையாது, பிழைப்பைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது. ஐந்தும் 'வழிகாட்டி'யின் முதல் பகுதியிலிருந்து எடுத்தவை, யாரிடமிருந்து என்றும் சொல்லியே எடுக்கிறார். விசுவாசம் எதற்கு என்ற கேள்விக்கே ஒரு ராபியிடம் பதில் வாங்குகிறார் என்றால் அதை என்னவென்று சொல்வது?

இரண்டாவது, உலகம் என்றும் இருந்ததா, ஒரு நாளில் தொடங்கியதா என்ற சண்டை. அரிஸ்டாட்டிலை நம்பினால் உலகத்துக்குத் தொடக்கம் இல்லை. வேதத்தை நம்பினால் உண்டு. மைமோனிடிஸ் தொடக்கம் உண்டு என்ற பக்கம் நின்றாலும், அறிவைக் கொண்டு இதையும் நிறுவ முடியாது அதையும் நிறுவ முடியாது, தன்னிடம் இருப்பது முடிவான நிரூபணம் அல்ல என்று அரிஸ்டாட்டிலுக்கே தெரியும் என்றார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் 13ஆம் நூற்றாண்டில் இந்த விவகாரத்தில் தீ பற்றி எரிந்தபோது அக்குவினாஸ் போய் நின்ற இடம் ஏறக்குறைய அதே இடம். உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பது விசுவாசத்தால் ஏற்பது, நிரூபித்துக் காட்டுவதல்ல என்று எழுதினார். கூட இருந்த கிறித்தவர்களே அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். மறுப்பதற்காக மட்டும் ஒருவரைப் படித்தவர் அவருடைய இடத்திலேயே போய் நிற்க மாட்டார்.

கறார்பேர்வழி:
இந்த அளவுக்கு ஆதாரத்தோடு எழுதினால் பதில் சொல்லலாம், நன்றி. ஐந்து காரணங்களை ஒப்புக்கொள்கிறேன், அது எனக்குத் தெரியாது.

ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறது. அதே அக்குவினாஸுக்கு, அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிய முஸ்லிம் மெய்யியலாளர் இப்னு ருஷ்து யார்? பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை, 'உரையாசிரியர்' என்றாலே போதும், அவர்தான். இப்னு சீனாவும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார். இவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் ராபி கல்யாண வீட்டில் மூன்றாவது பந்தி. தலைப்பில் 'மூன்று மதங்கள்' என்று வேறு இருக்கிறது, இஸ்லாமியர்கள் இவரை எங்கே படித்தார்கள்? ஒரே ஓர் உரையாசிரியர் பெயரை வைத்துக்கொண்டு மதத்தையே கணக்கில் சேர்த்துவிட்டீர்கள்.

தோப்புத்துறையான்:
பேரைச் சொல்லி அழைக்காத குறைதான், வந்துவிட்டேன்.

கறார் சொல்வதில் பாதி சரி. இஸ்லாமிய மெய்யியலில் மைமோனிடிஸால் பெரிய திருப்பம் எதுவும் நடக்கவில்லை. அந்த உரை எழுதியவர் அத்தப்ரீஸி, 'வழிகாட்டி'யின் இரண்டாம் பகுதி முகப்பில் இருக்கிற 25 முற்கோள்களுக்கு (வாதத்துக்கு அடிப்படையாக முதலில் வைக்கிற கூற்றுகள்) மட்டும் எழுதினார். அந்த உரை எபிரேயத்துக்குப் பெயர்க்கப்பட்டு, பிற்பாடு ஹஸ்தாய் கிரெஸ்காஸ் என்ற யூதர் மைமோனிடிஸையும் அரிஸ்டாட்டிலையும் தாக்குவதற்கு அதிலிருந்து எடுத்துக்கொண்டார். பாருங்கள் போக்குவரத்தை: யூதர் எழுதியதற்கு முஸ்லிம் உரை, அந்த உரையை வைத்து இன்னொரு யூதர் முதல் யூதரை அடிக்கிறார். இதில் கடன் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும்.

மறு பாதி சரியில்லை, ஆள் இல்லாமல் போகவில்லை. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டமாஸ்கஸில் இப்னு ஹூத் என்ற சூஃபி இருந்தார், ஸ்பெயினில் ஆண்ட குடும்பத்தவர். அவரிடம் யூதர்கள் போய்ப் பாடம் கேட்டார்கள். எந்த நூலை என்று நினைக்கிறீர்கள்? இதே 'வழிகாட்டி'யை. தங்கள் ராபியின் நூலைத் தங்களுக்கு விளக்கிச் சொல்ல ஒரு முஸ்லிம் சூஃபியிடம் போயிருக்கிறார்கள்.

எதிர்த்தவர்களும் உண்டு. பக்தாதைச் சேர்ந்த அப்துல் லத்தீஃப் என்ற மருத்துவர் மைமோனிடிஸை எகிப்துக்கு வந்து நேரிலேயே பார்த்தார். மனிதர் கெட்டிக்காரர், ஆனால் பதவி ஆசையும் பெரிய இடத்துச் சேவகமும் மிகுந்தவர் என்று எழுதிவைத்தார். 'வழிகாட்டி'யைப் படித்துவிட்டு, சமயங்களின் அடிப்படைகளைத் திருத்துகிறேன் என்று கெடுக்கிற நூல் என்றார். எபிரேய எழுத்தில் அல்லாமல் வேறு எழுத்தில் அதைப் படியெடுக்கிறவர்களுக்கு ஆசிரியர் சாபம் வைத்திருந்தார் என்றும் ஒரு செய்தி சொல்கிறார்.

ஆனால் நான் எழுத வந்தது இதையல்ல. மைமோனிடிஸுக்கு ஏறக்குறைய பத்து வயதாக இருக்கும்போது, 1148இல், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் இயக்கத்தவரான அல்முவஹ்ஹிதுகள் கொர்தோபாவைப் பிடித்தார்கள். மதம் மாறு, இல்லையென்றால் ஊரைவிட்டுப் போ. குடும்பம் ஸ்பெயினில் அலைந்து, மொராக்கோவின் ஃபெஸ் போய், அங்கிருந்து அக்கோ துறைமுகம் வழியாக எகிப்து வந்தது. அந்த அல்முவஹ்ஹித் இயக்கத்தைத் தொடங்கிய இப்னு தூமர்த்தின் முக்கியப் பாடம் என்ன? கடவுளுக்கு உடல் இல்லை, உருவம் இல்லை என்பதைப் படித்தவர்கள் மட்டும் அல்ல, பாமர மக்களும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இப்போது 'வழிகாட்டி'யின் முதல் பகுதியை எடுங்கள். கடவுளுக்கு உடல் இல்லை என்பதைச் சிறுவர்களுக்கும் பாமரர்களுக்கும்கூடச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறார். தன் சட்டத் தொகுப்பில், கடவுளுக்கு உடல் உண்டு என்பவன் மதத்துக்குப் புறம்பானவன் என்றே போட்டுவிட்டார். தெற்குப் பிரான்சின் ராபி ஆபிரகாம் பென் தாவீதுக்குக் கோபம் வந்து, "இவரைவிடப் பெரியவர்களும் சிறந்தவர்களும் அப்படி நம்பியிருக்கிறார்கள்" என்று ஓரக் குறிப்பு எழுதினார்.

வீட்டைவிட்டு விரட்டியவர்களின் பாடத்தை விரட்டப்பட்டவர் தன் மதத்தின் விதியாக ஆக்கிக்கொண்டாரா என்று ஆய்வாளர்கள் சிலர் கேட்கிறார்கள். எனக்கு ஆம் என்றே தோன்றுகிறது. மதங்களுக்கு இடையிலான தாக்கம் என்றால் தேநீர் குடித்துக்கொண்டு பரிமாறுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஏட்டுச்சுரைக்காய்:
பாய், இதைத் தனிப் பதிவாகவே போட்டிருக்கலாம். கிட்டத்தட்ட என் தலைப்பையே திருப்பிப் போட்டுவிட்டீர்கள்.

கறார்பேர்வழி:
அப்புறம் இன்னொன்றும் இருக்கிறதே, யாரும் பேசவில்லை. மூன்று மதங்களின் பொதுச் சொத்து என்கிறீர்களே, அந்த மனிதர் மற்ற இரண்டு மதங்களைப் பற்றி என்ன சொன்னார்? 1172இல் யேமன் யூதர்களுக்கு எழுதிய மடலில் நபிகளைப் பைத்தியக்காரர் என்ற சொல்லால் குறிப்பிடுகிறார். இயேசுவுக்கும் நல்ல வார்த்தை இல்லை. கிறித்தவர்களைச் சிலைவணக்கக்காரர்கள் கணக்கில் சேர்க்கிறார். பாய்க்கும் புன்னைக்காயலுக்கும் இது தெரியாமல் இருக்காது. தெரிந்துகொண்டே பல்லக்குத் தூக்குகிறீர்களா?

தோப்புத்துறையான்:
தெரியும். படித்தபோது வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மடல் யாருக்கு, எப்போது? யேமனில் மதம் மாறச் சொல்லி நெருக்கடி, கூடவே தானே மெசியா என்று கிளம்பிய ஓர் ஆள். சாகிற பயத்தில் இருந்தவர்களுக்கு எழுதியது. அதே மனிதர் ஒபதியா என்பவருக்கு எழுதிய பதிலையும் வையுங்கள். மதம் மாறி யூதரான ஒபதியா, முஸ்லிம்கள் சிலைவணக்கக்காரர்கள் அல்லர் என்று சொன்னதற்காக அவருடைய ஆசான் அவரை முட்டாள் என்று திட்டிவிட்டார். மைமோனிடிஸ் ஆசானைக் கண்டித்து, இஸ்மவேலர்கள் (முஸ்லிம்களை அவர் சொல்கிற பெயர்) கடவுளின் ஒருமையில் எந்தக் குறையும் வைக்காதவர்கள் என்று எழுதினார். இரண்டும் ஒரே கைதான்.

புன்னைக்காயல்:
எங்கள் கதை இன்னும் விசித்திரம். சிலைவணக்கக்காரர்கள் என்று எங்களைத் தள்ளியவரிடம், பிற மதத்தவருக்குத் தோரா (மோசேயின் வேத நூல்) கற்பிக்கலாமா என்று கேட்டபோது, கிறித்தவர்களுக்குக் கற்பிக்கலாம், முஸ்லிம்களுக்குக் கூடாது என்றார். காரணம், கிறித்தவர்கள் அதே நூலை அப்படியே இறைவாக்கு என்று ஏற்கிறார்கள், பொருள் கொள்வதில்தான் தவறுகிறார்கள். முஸ்லிம்கள் நூலே மாற்றப்பட்டுவிட்டது என்கிறார்கள். ஆக கடவுள் விஷயத்தில் பாய் வீடு பக்கத்து வீடு, புத்தக விஷயத்தில் எங்கள் வீடு பக்கத்து வீடு.

சட்டத் தொகுப்பின் கடைசியில் அரசர்கள் பற்றிய பகுதியில் ஒரு பத்தி வருகிறது. இயேசுவும், அவருக்குப் பின் வந்த இஸ்மவேலரும் (அதாவது நபிகள்) செய்ததெல்லாம் மெசியாவுக்கு வழி சீர்செய்வதற்காக, உலகம் முழுவதும் தோராவைப் பற்றியும் கட்டளைகளைப் பற்றியும் பேசும்படி ஆகிவிட்டது என்று. அச்சான பல பதிப்புகளில் இந்தப் பத்தி கிறித்தவர்களின் தணிக்கையில் போய்விட்டது. தங்களைக் கொஞ்சம் பாராட்டியிருந்த பத்தியையும் சேர்த்தே வெட்டினார்கள், அதில் திட்டும் இருந்தது என்பதால்.

கறார்பேர்வழி:
பாராட்டா அது? 'நீ செய்தது தப்பு, ஆனால் என் வேலைக்கு உதவியது' என்பதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள மிகப் பெரிய மனது வேண்டும்.

புன்னைக்காயல்:
12ஆம் நூற்றாண்டில் அதற்கு மேல் கொடுத்தவர் எந்தப் பக்கத்திலாவது இருந்தால் பெயரைச் சொல்லுங்கள், அவர் பல்லக்கையும் தூக்குகிறேன்.

மழைக்கு ஒதுங்கினவன்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இவ்வளவும் எழுதியவருக்கு வேறு வேலை இல்லையா? சாப்பாட்டுக்கு என்ன செய்தார்?

தோப்புத்துறையான்:
மருத்துவர் ஐயா. கறார் குறிப்பிட்ட அதே கடிதத்தில், 1199இல், தன்னைப் பார்க்க வர விரும்பிய மொழிபெயர்ப்பாளருக்கு 'வராதீர்கள், பேச நேரம் கிடைக்காது' என்று சொல்லித் தன் நாளை விவரிக்கிறார். அவர் இருப்பது ஃபுஸ்தாத்தில், அரசர் இருப்பது கெய்ரோவில். தினமும் காலையில் அரண்மனை. யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை என்றால் மதியத்துக்கு மேல் வீடு. வரும்போது பசியில் உயிர் போகிறது. வீட்டு முன்கூடம் முழுக்க ஆட்கள், யூதர், யூதரல்லாதவர், பெரிய இடத்தார், சாதாரணர், நீதிபதி, அதிகாரி, நண்பர், எதிரி எல்லாரும் கலந்து. வாகன மிருகத்திலிருந்து இறங்கிக் கை கழுவிக்கொண்டு, 'கொஞ்சம் பொறுங்கள், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்' என்று அவர்களிடம் கெஞ்சுகிறார். ஒரு நாளைக்கு அந்த ஒரு வேளைதான் சாப்பாடு. அப்புறம் இருட்டியும் சில நாட்கள் இரண்டு மணி நேரம்வரை வைத்தியம், களைப்பில் மல்லாந்து படுத்தபடியே மருந்து சொல்கிறார்.

முன்பு இந்தக் கஷ்டம் இல்லை. தம்பி தாவீது நகை, இரத்தின வியாபாரம் செய்து குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார், அண்ணன் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார். தம்பி எழுதிய கடிதம் ஒன்று கெய்ரோ ஜெனிஸா குவியலில் (ஜெபக்கூடத்தில் போட்டுவைத்த பழைய தாள்கள்) கிடைத்து இன்று கேம்பிரிட்ஜில் இருக்கிறது. செங்கடல் கரையில் அய்தாப் துறைமுகத்திலிருந்து எழுதுகிறார். பாலைவனத்தைச் சாத்துக்கூட்டம் இல்லாமலே கடந்துவிட்டாராம், அங்கே வந்தால் வாங்குவதற்கு அவுரி நீலத்தைத் தவிர ஒன்றும் இல்லையாம், அதனால் கப்பலேறி இந்தியாவுக்கே போகப் போகிறாராம், கவலைப்பட வேண்டாமாம். இந்தியக் கடலில் மூழ்கிப்போனார். அவருடைய பணம், அண்ணன் பணம், பிறர் கொடுத்து வைத்த பணம் எல்லாமும் போனது. ஒரு சின்னப் பெண்குழந்தையும் மனைவியும் மிச்சம். அண்ணன் ஏறக்குறைய ஒரு வருடம் காய்ச்சலும் மனக்கலக்கமுமாகப் படுத்த படுக்கை. வருடங்கள் கழித்து அக்கோவில் இருந்த ஒருவருக்கு எழுதும்போதும், தம்பியின் கையெழுத்தைப் பார்த்தால் நெஞ்சு புரள்கிறது என்கிறார்.

'வழிகாட்டி' இதற்கெல்லாம் பிறகு எழுதியது, 1190 வாக்கில்.

மழைக்கு ஒதுங்கினவன்:
நம் பக்கம் வருகிற கப்பலா. கேட்டிருக்கவே வேண்டாம் போலிருக்கிறது.

கறார்பேர்வழி:
பாய், அந்த அய்தாப் கடிதம் தெரியாது. சரி.

நான் விவாதத்துக்குத் திரும்புகிறேன், ஆனால் இந்தத் தடவை கொஞ்சம் நகர்ந்து நிற்கிறேன். இவருக்குத் தாக்கம் உண்டு, நீங்கள் காட்டுகிற இடத்தில் அல்ல. 'வழிகாட்டி' மூன்றாம் பகுதியில் கோவில் பலிகளைப் பற்றி எழுதுகிறார். ஆடு மாடு வெட்டிப் படைப்பதைக் கடவுள் ஏன் கேட்டார்? அன்றைக்கு ஊர் உலகமெல்லாம் அப்படித்தான் கும்பிட்டது, மனிதனைப் பழக்கத்திலிருந்து ஒரே நாளில் பிய்த்தெடுக்க முடியாது, பச்சைக் குட்டிக்குக் கடின உணவு செரிக்காது என்று பால் வைத்திருக்கிற மாதிரி, பலியை விட்டுவைத்து அதன் முகவரியை மட்டும் மாற்றினார். இதை நிறுவ அவர் என்ன செய்தார் தெரியுமா? 'நபத்தேயர் வேளாண்மை' போன்ற அரபு நூல்களைத் தேடிப் படித்து, பழைய சிலைவணக்கக்காரர்கள் எப்படிக் கும்பிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு, தன் வேதத்தின் விதிகளை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குட்டியைத் தாய்ப்பாலில் வேகவைக்காதே என்பதற்கும் அப்படித்தான் ஏதோ பழைய சடங்கு இருந்திருக்கும் என்று ஊகித்தார்.

அவருடைய ஆட்களுக்கே பொறுக்கவில்லை. நக்மனிடிஸ் அதை வெற்றுப் பேச்சு என்றார். 1685இல் கேம்பிரிட்ஜில் ஜான் ஸ்பென்சர் என்ற கிறித்தவ அறிஞர் அதே நூலைப் பிடித்துக்கொண்டு எபிரேயர் சட்டங்களை எகிப்தோடு ஒப்பிட்டுப் பெரிய புத்தகம் போட்டார். மதங்களை ஒப்பிட்டுப் பார்க்கிற படிப்புக்கு அதுவும் ஒரு தொடக்கம். யூதராகப் பிறந்த மெய்யியலாளர் ஸ்பினோசா 1670இல், வேதத்தைப் பகுத்தறிவுக்கு ஏற்ப வளைக்கிறார் என்று மைமோனிடிஸைப் பிடித்து உலுக்குகிறார், ஆனால் அவரைப் படித்து வளர்ந்திருக்காவிட்டால் அந்த உலுக்கலே வந்திருக்காது. ஆகவே கணக்கு இதுதான்: பக்தர்களுக்கு அவர் கொடுத்ததைவிட, பக்தர்களைச் சந்தேகப்படுகிறவர்களுக்குக் கொடுத்தது அதிகம்.

ஏட்டுச்சுரைக்காய்:
முதல் பதிவில் 'மறுத்தால் தாக்கம் ஆகிவிடுமா' என்று கேட்டவர் இப்போது ஸ்பினோசாவின் மறுப்பைத் தாக்கக் கணக்கில் வரவு வைக்கிறார். குறித்துக்கொள்கிறேன்.

கறார்பேர்வழி:
குறித்துக்கொள்ளுங்கள். புன்னைக்காயலின் இரண்டாவது இடம்தான் என்னை நகர்த்தியது, உங்கள் மாலை அல்ல.

ஏட்டுச்சுரைக்காய்:
மாலையை எடுத்துவிடுகிறேன். ஆனால் 'பக்தர்களுக்குக் கொடுத்தது குறைவு' என்பதை விடமாட்டேன். மெய்யியலே கூடாது என்று அவர் பெயரைச் சொல்லி யூதர்கள் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் விலக்கிவைத்தார்கள், மோன்பெலியேவில் 1230களில் அவருடைய நூல்கள் கிறித்தவத் துறவிகள் கையால் எரிக்கப்பட்டன என்று சொல்லப்படுகிறது, 1305இல் பார்சலோனாவில் 25 வயது ஆகாதவர்கள் மெய்யியல் படிக்கக்கூடாது என்று தடை போட்டார்கள். அப்படிச் சண்டைக்கு நின்ற அதே சமூகம் இன்றைக்கு ஜெபக்கூடங்களில் அவருடைய 13 நம்பிக்கைக் கூறுகளைப் பாட்டாகப் பாடுகிறது. கிறித்தவத் துறவி எக்கார்ட், யாத்திராகமத்தில் 'இருக்கிறவராக இருக்கிறேன்' என்று கடவுள் சொல்கிற இடத்துக்கு விளக்கம் எழுதும்போது ராபி மோயிசனைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார். இவர்களெல்லாம் சந்தேகப் பேர்வழிகளா?

தோப்புத்துறையான்:
அவருடைய சொந்த மகன் ஆபிரகாமையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குப் பின் எகிப்து யூதர்களின் தலைவர். சூஃபிகளைப் பார்த்து, பழைய தீர்க்கதரிசிகளின் வழி இவர்களிடம்தான் இருக்கிறது, நம்மிடமிருந்து போனது, திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று எழுதி, ஜெபக்கூடத்தில் தரையில் நெற்றி பதிய விழுந்து வணங்குவதைக் கொண்டுவந்தார். எதிர்த்த யூதர்கள் சுல்தானிடம் போய்ப் புகார் செய்தார்கள், புதுமை புகுத்துகிறார் என்று.

தேவாரப்பித்து:
முஸ்லிம் மாதிரி கும்பிடுகிறார் என்று முஸ்லிம் அரசனிடமே புகாரா! நல்ல சமயம் பார்த்தார்கள்.

மழைக்கு ஒதுங்கினவன்:
நான் ஒன்று படித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். 'வழிகாட்டி' வேண்டாம், பெயரிலேயே திகைப்பு இருக்கிறது. சின்னதாக ஏதாவது?

ஏட்டுச்சுரைக்காய்:
'எட்டு அத்தியாயங்கள்'. ஒரே மாலையில் முடித்துவிடலாம். மனசு எப்படி நோய்ப்படுகிறது, பழக்கத்தால் எப்படிச் சரியாகிறது என்பதைப் பற்றி. முன்னுரையிலேயே, இதில் வருகிறவை நான் கண்டுபிடித்தவை அல்ல, பழைய ராபிகளிடமிருந்தும் மெய்யியலாளர்களிடமிருந்தும் எடுத்தவை, உண்மையை யார் சொன்னாலும் கேட்டுக்கொள் என்கிறார்.

கறார்பேர்வழி:
சொல்லிவிட்டு, யாரிடமிருந்து எடுத்தார் என்று பெயரைச் சொல்ல மாட்டார். பெயரைக் கேட்டதும் வாசகனுக்குக் கசப்பு வந்து நல்லதையும் ஒதுக்கிவிடுவானாம். அந்தப் பெயர் ஃபராபி, பல இடங்களில் வரிக்கு வரி. பக்கத்திலேயே ஃபராபியின் அரசியல் நூலையும் திறந்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து வந்த வரிக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படியுங்கள்.

தோப்புத்துறையான்:
ஃபராபிக்கும் ஒரு பென்சில் வேண்டும், அவர் அரிஸ்டாட்டிலிடமிருந்து எடுத்ததற்கு.

மழைக்கு ஒதுங்கினவன்:
ஒரு டப்பா வாங்கிக்கொள்கிறேன்.